வலக்கண்ணின் தாமதம்

அந்த நீதிமன்றத்தில் சாட்சிகள் பேசக் கூடாது. பேச விட்டால் மனிதன் பொய் சொல்லுவான் என்பதை அரசாங்கம் ஒரு நிபுணர் குழுவை அமைத்துக் கண்டுபிடித்திருந்தது. குழுவில் இருந்தவர்கள் ஒரு வருஷம் பேசிப் பேசியே அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பது நினைவுக்கு வரும்போதெல்லாம் டாக்டர் அருமைநாயகத்தின் உதடு ஒரு பக்கமாகச் சுழிக்கும்.

மெய்க்காட்சிச் சட்டம் வந்து நாலு வருஷம் ஆகிறது. சாட்சிக் கூண்டைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டார்கள். சாட்சியின் பின்மண்டையில் பசைக் களி தடவி ஒரு கம்பி ஒட்டப்படும். உச்சியில் ஒன்று, காதுமடலில் ஒன்று. எதிரே திரை. திரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சதுரங்கக் கட்டங்கள் இடம் மாறி இடம் மாறி மின்னும். கட்டங்களுக்கு நடுவே குற்றம் நடந்த இடத்தின் படங்கள் வந்து போகும். கண் பார்த்ததைத் தூக்கிக்கொண்டு நரம்பு பின்மண்டைக்கு ஓடும். அங்கே போய்ச் சேர்ந்ததும் சின்னதாக ஒரு மின் அலை எழும். அது குறித்த நேரத்துக்குள் எழுந்தால் சாட்சி உண்மையாகவே பார்த்தவர், நீதிபதியின் மேசையில் பச்சை விளக்கு. நேரம் கடந்து எழுந்தால் மூளை நின்று நிதானித்துக் கதை கட்டுகிறது என்று பொருள், சிவப்பு விளக்கு. சிவப்பு எரிந்தால் வழக்கு தள்ளுபடி. சாட்சிக்கு மூன்று வருஷம் சிறை. உண்மை உடனே வரும், பொய்தான் யோசித்துக்கொண்டு வரும் என்று சட்டசபையில் அமைச்சர் சொன்னபோது மேசைகளை வெகுநேரம் தட்டினார்களாம்.

கண் மருத்துவமனைகளில் பல பத்தாண்டுகளாக இருந்துவந்த சாதாரணச் சோதனை அது. பார்வை நரம்பு நன்றாக இருக்கிறதா, புண்பட்டிருக்கிறதா என்று சொல்லும். அதற்கு மேல் அதனிடம் ஒன்றும் கிடையாது. ஒருவனை எடை மேடையில் நிறுத்தி, முள் காட்டுவதை வைத்து அவன் யோக்கியனா என்று தீர்ப்புச் சொல்வதைப் போலத்தான் இதுவும். ஆனால் எடை மேடையில் கம்பிகள் கிடையாது. கம்பியும் திரையும் இருந்தால் இந்த நாட்டில் எதையும் கும்பிடுவார்கள்.

இதெல்லாம் தெரிந்தேதான் அருமைநாயகம் சாட்சிகளுக்குக் கம்பி ஒட்டிச் சோதிக்கும் இந்த வேலைக்கு வந்தார். முன்பு வேலை பார்த்த கண் மருத்துவமனையில் நோயாளிகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கூட வந்தவர்கள் அவர்களைவிட அதிகம் பேசினார்கள். நீதிமன்றச் சோதனை அறையிலோ சட்டமே வாயைக் கட்டிப் போட்டிருந்தது. ஒருவர் வருவார், உட்காருவார், பச்சை எரியும், எழுந்து போவார். நடுவில் கிடைக்கிற நேரத்தில் அவர் புத்தகம் படிப்பார். சில நாட்களில் காலையில் வாட்ச்மேனுக்குச் சொன்ன வணக்கத்துக்குப் பிறகு சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். அந்த மௌனம் அவருக்கு நல்ல போர்வையைப் போல இதமாக இருந்தது.

அவர் வந்த பிறகு அந்த நாற்காலியில் ஒரு பொய்யன்கூட உட்காரவில்லை. காசு வாங்கிக்கொண்டு வந்த சாட்சி, மாமன் மச்சானுக்காக வந்த சாட்சி, ஒரே வீட்டுத் தகராறுக்கு இரண்டு கட்சிக்கும் வந்து உட்கார்ந்த சாட்சி எல்லோருக்கும் பச்சை. எல்லோருக்கும் கண் நரம்பு நன்றாக இருந்தது, அவ்வளவுதான். நீதிபதி சொக்கநாதன் ஒவ்வொரு பச்சைக்கும் கோயிலில் தீபாராதனை பார்ப்பவரைப் போல லேசாகத் தலையை அசைப்பார். அருமைநாயகம் மனசுக்குள் இகழ்ந்துகொள்வார். இகழ்வது அவருக்கு ஓர் உத்தியோகமாகவே ஆகிவிட்டிருந்தது. காலையில் வருவார், இகழ்வார், மாலையில் வீட்டுக்குப் போவார். இவர்கள் ஆடுகிற கூத்துக்கு நான் விளக்குப் பிடிக்கிறேன், கூத்து என்னுடையதில்லை என்று சொல்லிக்கொள்வார்.

ஜெசிந்தா வரும் வரை அது போதுமானதாக இருந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் சாட்சியை வெறும் கட்டங்களை மட்டும் காட்டிச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அதற்காகத்தான் அவள் வந்தாள். தூத்துக்குடியில் ஒரு தனியார் கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவள். நாற்பதுக்கு ஒன்றிரண்டு குறைவாக இருக்கும். தலைமுடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்தாள். உட்காரும்போதே பேச ஆரம்பித்தாள்.

"டாக்டரு, இந்தக் களிய தலையில அப்புதியள, முடி கொட்டுமா?"

"கொட்டாது."

"கொட்டுனாலும் யாருகிட்ட போய்ச் சொல்ல? வாயத் தொறக்கப்படாதுன்னுட்டீய."

அருமைநாயகம் அடுத்த கம்பியை எடுத்து ஒட்டினார். வழக்கின் சுருக்கம் எதிரில் கிடந்தது. யார்டில் சங்கம் வைத்த சுடலைமுத்து, பின்னால் வந்த டிரெய்லரில் நசுங்கிச் செத்தான். விபத்து என்றார்கள். முதலாளியின் மகன் கிஷோர் பக்கத்தில் நின்று கையசைத்து வண்டியை வேண்டுமென்றே பின்னால் வரச் சொன்னதைக் கண்ணால் பார்த்ததாக ஜெசிந்தா போலீஸில் மனு எழுதிக் கொடுத்திருந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மிஞ்சியது இவள்தான்.

வலக்கண்ணை மூடி இடக்கண்ணைச் சோதித்தார். அலை நேரத்துக்கு வந்தது. இடக்கண்ணை மூடி வலக்கண்ணைச் சோதித்தார். வரவில்லை. சற்றுப் பொறுத்து வந்தது, கூனிப்போன அலையாக. கம்பியை எடுத்துவிட்டு மறுபடி களி வைத்து ஒட்டிப் பார்த்தார். அதேதான். கண் சிமிட்டும் நேரத்தில் கால் பங்குகூட இருக்காது அந்தத் தாமதம். அதற்கு மூன்று வருஷம்.

 பிறகு, அந்த அறையில் அவர் செய்யாத ஒன்றைச் செய்தார். கேள்வி கேட்டார்.

"வலது கண்ணு எப்பவாவது வலிச்சுதா? கண்ணை உருட்டும்போது?"

அவள் முதுகு நிமிர்ந்தது. "யாரு சொன்னா?"

"உங்க தலைதான் சொன்னது."

மேசையில் கிடந்த சிவப்புப் பேனா மூடியை எடுத்து அவள் இடக்கண்ணுக்கு நேராகப் பிடித்தார். "என்ன நிறம்?"

"செவப்பு. நல்ல செவப்பு."

"இப்ப வலது கண்ணால பாருங்க."

ஜெசிந்தா தயங்கினாள். "செவப்புதான். பத்து தடவ தொவைச்ச செவப்பு."

"எவ்வளவு நாளா?"

"போன வருஷம் ஒரு வாரம் கண்ண அசைக்க முடியாம வலிச்சிச்சு. பொறவு ஒரு பக்கம் பனி மூடுன மாதிரி ஆயிட்டு. பொறவு தானா தெளிஞ்சிட்டு. இப்பமும் வெயில்ல நின்னா கொஞ்சம் மங்கும். கேபின்ல ஏறி ஏசியப் போட்டா சரியாயிரும்." கையை நீட்டி அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, இத வெளிய விட்ராதீய. கிரேன் லைசென்ஸப் புடுங்கிருவானுவ. வீட்டுல நான் ஒருத்திதான் சம்பாத்தியம்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டுனா எழுதுவாங்கள்ளா."

அவருக்கு எரிச்சல் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க விருப்பமில்லை. "கண் நரம்பில் வீக்கம். ஒயருக்கு மேல ஒரு உறை இருக்கும் இல்லையா, அது உரிஞ்சு போச்சுன்னு வச்சுக்குங்க. வீக்கம் வத்தினதும் பார்வை திரும்பி வந்துட்டது. ஆனா வேகம் திரும்பி வராது. நீங்க பார்க்கிறது எல்லாம் உங்க மூளைக்குக் கொஞ்சம் பிந்தித்தான் போகும்."

"அதனால?"

"அதனால நாளைக்குச் சிவப்பு விளக்கு எரியும்."

 "நான் பொய்க்காரியா?"

"சட்டப்படி."

"இது சீக்குன்னு நீங்க எழுதிக் குடுங்க."

"எழுதினா, பார்வைக் கோளாறு உள்ளவர் சாட்சியாகவே முடியாது. அதுவும் சட்டம்தான். வழக்கு அங்கேயே முடிஞ்சிடும். உங்க கிரேனும் போயிடும்."

ஜெசிந்தா சிரித்தாள். அந்த அறைக்குப் பழக்கமில்லாத சத்தமாக இருந்தது அது. "நல்லா வச்சிருக்கானுவ. குருடின்னு வீட்டுக்குப் போகணும், இல்லன்னா பொய்க்காரின்னு செயிலுக்குப் போகணும். ரெண்டுல எது வேணும்னு கேக்கீய, அப்பிடித்தான?"

அப்படித்தான். அவர் அவள் தலையிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். போகும்போது அவள் வாசலில் நின்று திரும்பினாள். "நாளைக்கு வாரேன். ரெண்டுல ஒண்ணு நீங்களே முடிவு பண்ணி வையிங்க. எனக்கு இன்னிக்கு ராத்திரி ஷிப்டு இருக்கு, யோசிக்க நேரமில்ல."

சோதனை முடிவு இரண்டு தரப்பு வக்கீல்களுக்கும் உடனே போய்விடும். மறுநாள் காலையில் நீதிமன்றத்து டீக்கடையில் வக்கீல் பத்மநாபதாஸ் அருமைநாயகத்தைத் தேடிக்கொண்டு வந்தார். கிஷோருக்காக வாதாடுகிறவர். வாதாடுவது என்றால், விளக்கைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று ஐந்து நிமிஷம் பேசுவது. அந்த ஐந்து நிமிஷத்துக்கே அவரிடம் மூன்று கார் இருந்தது.

"என்ன டாக்டர் சாரே, வலது கண்ணு கொஞ்சம் மந்தமாமே?"

"அது நோய்."

"இருக்கட்டும். நோயின்னா அவ சாட்சியில்ல. நோயில்லன்னா அவ பொய்க்காரி. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." டீயை ஊதிக் குடித்தார். "எனக்கென்னமோ நோய்னு எழுத வேண்டாம்னு தோணுது. செவப்பு எரிஞ்சா அடுத்த தடவ எவனும் நம்ம கட்சிக்காரனுக்கு எதிரா வாயத் தொறக்க மாட்டான். ஒரு பாடமா இருக்கும்."

"வாயைத்தான் யாரும் திறக்க முடியாதே."

தாஸ் ரசித்துச் சிரித்தார். "நீங்க தமாஷான ஆளுன்னு யாருமே சொல்லலியே. சரி, உமக்கு எதுக்கு இந்த விசாரமெல்லாம்? நீரு லைட்டு போடுத ஆளு. சுவிட்சத் தட்டும், எரியறது எரியட்டும்." போகிற போக்கில் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அருமைநாயகம் அந்தத் தோளைப் பார்த்தார். இத்தனை நாளும் தான் மேலே உட்கார்ந்துகொண்டு கீழே இருப்பவர்களை இகழ்ந்துகொண்டிருப்பதாக எண்ணியிருந்தார். கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்த்ததே இல்லை. அவர்கள் கண்ணுக்கு அவர் ஒரு சுவிட்ச். நியாயத்துக்காக என்று பிற்பாடு யாராவது சொன்னால் அது அவ்வளவு உண்மையில்லை. அன்றைக்கு அவரை எழுப்பிவிட்டது ஜெசிந்தாவின் வலக்கண்ணைவிட அந்தத் தோள்தான்.

நீதிமன்றம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் யார்டுத் தொழிலாளர்கள், முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் கிஷோர். கிஷோர் கைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். அரசு வக்கீல் என்று ஒருவர் இருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்திருந்தார் என்பதைத் தவிர அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். அருமைநாயகம் எழுந்து, "இன்றைக்கு இடது கண்ணை மட்டும் சோதிக்க அனுமதி வேண்டும்," என்றார்.

நீதிபதி சொக்கநாதன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். இந்த டாக்டருக்குக் குரல் இருப்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்ததைப் போலிருந்தது. "ஏன்?"

"வலது கண் பிந்துகிறது. பிந்துவதற்கும் பொய்க்கும் சம்பந்தமில்லை."

"அதை முடிவு பண்றது நீங்க இல்ல, விளக்கு. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்புன்னு இந்தக் கோர்ட்டு நடந்துக்க முடியாது டாக்டர். ரெண்டு கண்ணும் சட்டத்துக்கு முன்னால சமம்." தன் வாக்கியம் தனக்கே பிடித்துப்போய்ச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். அரசு வக்கீல் பலமாகத் தலையாட்டினார்.

எதிர்பார்த்ததுதான். பழமொழி கையில் கிடைத்தால் இவர்களுக்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை. அருமைநாயகம் அடுத்ததைக் கேட்டார்.

"அப்படியானால் முதலில் கருவியைச் சரிபார்க்க வேண்டும். வழக்குக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை உட்கார வைத்துப் பார்க்க எனக்கு விதி இருக்கிறது."

"டவாலி, போய் உக்காருப்பா," என்றார் நீதிபதி சலிப்போடு. வழக்கமாக டவாலியை உட்கார வைத்துப் பூப்படங்கள் காட்டிவிட்டு எழுப்பிவிடுவார்கள்.

"டவாலி வேண்டாம். இந்த வழக்கின் படங்களையே காட்டப்போகிறேன். அந்த யார்டில் காலே வைக்காதவர் என்று எல்லோருக்கும் உறுதியாகத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவருக்குச் சிவப்பு எரிந்தால்தான் கருவி பொய்யைப் பிடிக்கிறது என்று அர்த்தம்." பத்மநாபதாஸ் பக்கம் திரும்பினார். "நீங்கள் அங்கே போனதுண்டா?"

"நானா? அந்தத் தூசியிலயா?" தாஸ் கோட்டை உதறிக் காட்டினார். பின்வரிசையில் யாரோ காறினார்கள்.

"படங்களையாவது?"

"சோதனைக்கு முன்னாடி படம் பாக்கச் சட்டம் விடாதே சாரே. நீங்களே இப்படிக் கேட்டா?"

"நீங்கள் உட்காரத் தயங்கினால் வேறு யாரையாவது—"

"எதுக்குத் தயங்கணும்? மடியில கனமில்ல." ஜெசிந்தாவை எழுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "ஆனா ஒண்ணு. செவப்பு எரிஞ்சா என்னப் புடிச்சு உள்ள போட்ரப்படாது."

நீதிபதியும் சிரித்தார். அருமைநாயகம் வக்கீலின் வழுக்கைத் தலையில் களியை அப்பிக் கம்பிகளை ஒட்டினார். இத்தனை அக்கறையாக அவர் யாருக்கும் ஒட்டியதில்லை. கட்டங்கள் மின்னின. நடுவே மஞ்சள் டிரெய்லர், அடுக்கிய பெட்டிகள், சிமென்ட் தரையில் கறுத்த கறை. வலது கண். இடது கண்.

பச்சை.

"மறுபடியும் ஒருமுறை பார்த்துவிடலாம்," என்றார் அருமைநாயகம்.

பச்சை.

டவாலியை உட்கார வைத்தார். பச்சை. மின்விசிறிக்குக் கீழே இருந்த அரசு வக்கீலை உட்கார வைத்தார். அவர் பாதி தூக்கத்தில் இருந்தும் பச்சை.

"சுடலைமுத்து சாகும்போது இந்த மூன்று பேரும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள்," என்றார் அருமைநாயகம்.

முதலில் பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். பிறகு மொத்தக் கூட்டமும். "தாஸ் அண்ணாச்சி, எங்க நின்னு பாத்தீய?" என்று ஒரு குரல். "டிரெய்லருக்கு ரைட்டு சொன்னதே அவர்தாம்ல!" என்று இன்னொன்று. நீதிபதி மேசையைத் தட்டினார். தட்டத் தட்டச் சிரிப்பு கூடியது.

"என்ன விளையாட்டு இது?" என்றார் நீதிபதி.

"விளையாட்டில்லை. இந்தக் கருவிக்குத் தெரிந்தது ஒன்றுதான், நரம்பு நன்றாக இருக்கிறதா இல்லையா. நரம்பு நன்றாக இருந்தால் கொலைகாரனுக்கும் பச்சைதான். நரம்பு புண்பட்டிருந்தால் புனிதருக்கும் சிவப்புதான். நாலு வருஷமாக எந்த நீதிமன்றத்தில் சிவப்பு எரிந்தவர்களும் பொய்யர்களாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நோயாளிகளாக இருந்தால் போதும்."

சிரிப்பு நின்றுவிட்டது. சொக்கநாதன் விளக்கைப் பார்த்தார், பிறகு அருமைநாயகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு துளி வருத்தமாவது எட்டிப் பார்க்கும் என்று அருமைநாயகம் காத்திருந்தார். அங்கே ஓடியது வேறு கணக்கு. உயர்நீதிமன்றப் பதவி உயர்வுப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது. நாலு வருஷத் தீர்ப்புகள். ஒரு செங்கல்லை உருவினால் எத்தனை விழும்? நீதிபதிகள் யோசிக்கும்போது இப்படித்தான் இருக்குமோ என்று அருமைநாயகத்துக்குத் தோன்றியது. பல்லிடுக்கில் மாட்டியதை நாக்கால் துழாவுகிற முகம்.

கடைசியில் நாக்குக்கு அது அகப்பட்டது.

"இன்றைக்குக் கருவி பழுது," என்று அறிவித்தார் நீதிபதி. "அவ்வளவுதான். பழுது. நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தது. கருவி பழுதானால் வாய்மொழியாக விசாரிக்கலாம்னு சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. அப்படியே பண்ணிடலாம்."

இதையும் இகழ அருமைநாயகத்துக்கு ஆசைதான். இந்த முறை பேசாமல் ஏற்றுக்கொண்டார். ஓட்டைப் பாத்திரமாக இருந்தாலும் தண்ணீர் கொஞ்சம் வந்தால் சரி. தாஸ் தலையில் களியோடு எழுந்து ஆட்சேபித்தார். "உக்காருங்க தாஸ்," என்றார் நீதிபதி. "உங்களுக்குப் பச்சை எரிஞ்சிருக்கு. ரொம்பப் பேசினா உங்களையும் சாட்சியாக்கிடுவேன்."

ஜெசிந்தா எழுந்து நின்றாள். அந்த அறையில் ஒரு சாட்சி நின்று யாரும் பார்த்து நாலு வருஷம் ஆகிறது. குறிப்பெடுக்கிறவர் பரபரத்துப்போய்க் காகிதம் தேடினார். இத்தனை நாளும் நிறத்தை மட்டும் குறித்துக்கொண்டிருந்தவர் அவர்.

"சொல்லும்மா," என்றார் நீதிபதி. "என்ன பார்த்த?"

ஜெசிந்தா உடனே வாயைத் திறக்கவில்லை. ஒரு முறை அருமைநாயகத்தைப் பார்த்தாள், மன்னிப்புக் கேட்பவளைப் போல.

"பாக்கல ஐயா."

"என்ன?"

"நான் ஒண்ணும் பாக்கல. மேல கேபின்ல இருந்தேன். ரெண்டு அடுக்கு பெட்டி மறச்சிருந்திச்சு. டிரெய்லரோட மூக்கு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு."

 அருமைநாயகம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அப்படியானால் சிவப்பு விளக்கு சரியாகத்தான் எரிந்திருக்கும். ஒன்றும் தெரியாத அந்த முட்டாள் கருவி, குருடன் எறிந்த கல் மாங்காயில் பட்டதைப் போல, இந்த ஒரு தடவை உண்மையைச் சொல்லியிருக்கும். அதைக் கவிழ்த்துப் போட்டவர் அவர். அவள் நரம்பின் வேகம் அவருக்குத் தெரியும். அவள் எதைப் பார்த்தாள் என்று கேட்கவே அவருக்குத் தோன்றவில்லை. நேற்று அரை மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். நீதிபதியைப் போலவே அவரும் அவள் தலையைத்தான் கேட்டார், அவளைக் கேட்கவில்லை.

"ஒப்புக்கிட்டா!" தாஸ் துள்ளி எழுந்தார். "மனுவுல கண்ணால பாத்ததா எழுதியிருக்கா. பொய்ச்சாட்சி! மூணு வருஷம்!"

"கேட்டேன்," என்றாள் ஜெசிந்தா. குரல் உயரவில்லை. "பாக்கல, கேட்டேன். வாக்கிடாக்கில. யார்டுல எல்லாருக்கும் ஒரே சேனல்தான். டிரைவரு, 'பின்னால ஆளு நிக்காரு சார்'னான். இவரு," கிஷோரைக் கை காட்டினாள், "இவரு, 'நிக்கட்டும், நீ எடு'ன்னாரு. டிரைவரு, 'சார், சுடலைமுத்து அண்ணன் சார்'னான். 'தெரியும், எடு'ன்னாரு. பொறவு ஒரு சத்தம் கேட்டிச்சு. அத நான் சொல்ல மாட்டேன்."

கிஷோர் கைபேசியைக் கீழே வைத்தான். பின்வரிசையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் எல்லோரிடமும் அன்றைக்கு வாக்கிடாக்கி இருந்திருக்கும்.

"அப்ப ஏன் பாத்தேன்னு எழுதிக் கொடுத்தே?" என்றார் நீதிபதி.

"கேட்டேன்னுதான் ஐயா முதல்ல சொன்னேன். ஸ்டேஷன்ல எழுத மாட்டேன்னுட்டாங்க. கேட்டதையெல்லாம் கோர்ட்டுல இப்ப எடுக்கறதில்ல, பாத்தேன்னு எழுதுனா எழுது, இல்லன்னா வீட்டுக்குப் போன்னாங்க. நான் வீட்டுக்குப் போகல."

சொக்கநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். எதிரே ஒரு பெண் நின்று ஒன்றைச் சொல்கிறாள். அதை நம்புவதா வேண்டாமா என்று தானே முடிவு செய்ய வேண்டும். தப்பாகிப் போனால் பழி தன் தலையில். அந்தப் பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. வேலைக்காரன் வராத நாளில் சமையலறைக்குள் நுழைந்த பெரிய வீட்டுக்காரரைப் போல விழித்தார். பிறகு அந்த முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"டாக்டர்," என்றார் ஆவலாக. "கண்ணுக்கு இருக்கிற மாதிரி காதுக்கும் இப்படி ஒரு மிஷின் உண்டா?"

உண்டு.

இதே பெட்டிதான். திரையை அணைத்துவிட்டுக் காதில் ஹெட்ஃபோனை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். டக் டக்கென்று ஒரு சத்தம் போகும். காது நரம்பிலிருந்து மூளைக்கு ஏறும் வழியில் குட்டி அலைகள் வரிசையாக எழும். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கிற சோதனை. அந்த ஹெட்ஃபோன் இந்தப் பெட்டிக்குக் கீழேயே, பிரிக்காத உறையில் இருக்கிறது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சாயங்காலத்துக்குள் அமைச்சருக்குச் செய்தி போகும். ஒரு குழு அமைப்பார்கள். மேசைகளைத் தட்டுவார்கள். அப்புறம் காது மந்தமானவர்கள் எல்லோரும் பொய்யர்கள். காது நன்றாக இருக்கிற கிஷோர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பச்சை வாங்கிக்கொண்டு போவான்.

ஜெசிந்தா சொன்னது உண்மைதானா? அதுவும் அவருக்குத் தெரியாது. எந்தக் கம்பியும் அதைச் சொல்லாது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். குனிந்திருக்கிற தலைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு இந்தச் சொக்கநாதன் தப்பாகவும் தீர்ப்புச் சொல்லலாம். சொல்லட்டும். மனுஷன் செய்த தப்பாகவாவது அது இருக்கும்.

"டாக்டர், உங்களைத்தான் கேக்கறேன். காதுக்கு உண்டா?"

"இல்லை," என்றார் அருமைநாயகம்.

நீதிபதி அவரை உற்றுப் பார்த்தார். அருமைநாயகமும் கண்ணை எடுக்காமல் பார்த்தார். அவர் தலையில் கம்பி ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

சொக்கநாதன் பெருமூச்சு விட்டார். கசப்புக் கஷாயத்தை வாயருகே கொண்டுபோன பிள்ளையைப் போல முகம் சுருங்கியது. குறிப்பெடுக்கிறவரை ஜாடை காட்டித் தயாராகச் சொன்னார். எழுந்து நின்ற தாஸைக் கையாலேயே உட்கார்த்தினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு ஜெசிந்தாவின் பக்கம் குனிந்தார்.

"முதல்ல இருந்து சொல்லும்மா," என்றார். "கொஞ்சம் மெதுவா சொல்லு. எனக்குக் கேட்டுப் பழக்கம் விட்டுப்போச்சு."